நெல்லைச் சீமையிலிருந்து வெளிநாட்டுச் சுற்றுலா: எந்த வயதினர் போகிறார்கள், என்ன மாறியது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் பாஸ்போர்ட், விசா விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பதும் டிக்கெட் எடுத்துத் தருவதும் எங்கள் தொழில். "இந்த வயதில் போகலாமா?", "இப்போதெல்லாம் யார் யார் போகிறார்கள்?" என்று யாராவது கேட்காத நாள் இல்லை. அந்தக் கேள்விகளுக்கு மேஜைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்து நாங்கள் சொல்லும் பதில்கள் இவை.

வெளிநாட்டுச் சுற்றுலா இப்போது இளைஞர்கள் விஷயம் ஆகிவிட்டது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. இருபது வயதுக்காரர்கள் இந்தச் சீமையிலிருந்து எந்தக் காலத்திலும் வெளிநாடு போய்க்கொண்டுதான் இருந்தார்கள், போனது பிழைப்புக்காக. அறுபதைக் கடந்தவர்களும் போனார்கள். போனது புண்ணியம் தேடி, அல்லது பேரப்பிள்ளை முகம் பார்க்க. நடுவில் முப்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து வரை உள்ளவர்கள்தான், வீடு, வயல், கடை, பிள்ளைகளின் படிப்பு என்று கட்டிப்போடப்பட்டு ஊரிலேயே கிடந்தார்கள். இன்று சுற்றிப் பார்ப்பதற்காக மட்டுமே டிக்கெட் எடுப்பவர்களில் அந்த நடுவயதுக்காரர்கள் நிறையப் பேர். எங்கள் கண்ணில் பட்ட பெரிய மாற்றம் அதுதான். இளைஞர்கள் போன இடமெல்லாம் படம் எடுத்துப் போடுவதால், அவர்கள் மட்டுமே போகிறார்கள் என்று தோன்றுகிறது.

அரசுக் கணக்கு என்ன சொல்கிறது?

1991-ல் இந்தியர்களின் வெளிநாட்டுப் புறப்பாடுகள் 19.4 லட்சம். 2000-ல் 44.2 லட்சம். 2010-ல் ஏறத்தாழ 1.3 கோடி. 2019-ல் 2.69 கோடி. கொரோனா ஆண்டான 2020-ல் 73 லட்சமாகச் சரிந்து, 2024-ல் 3 கோடியைத் தாண்டிவிட்டது.

மத்திய சுற்றுலா அமைச்சகம் வயதை 14 வரை, 15–24, 25–34, 35–44, 45–54, 55–64, 65-க்கு மேல் என்று பிரித்து வெளியிடுகிறது. 25 முதல் 44 வரை உள்ள இரண்டு பிரிவுகளுக்குத்தான் பெரும்பங்கு. ஆனால் அதைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, அது புறப்பாடுகளின் கணக்கு, ஆட்களின் கணக்கு அல்ல. ஆண்டுக்கு நான்கு முறை துபாய் போய்வரும் ஜவுளி வியாபாரி அதில் நான்கு பேர். இரண்டு, விடுமுறை முடிந்து சவுதிக்குத் திரும்பும் கடையநல்லூர்க்காரரும், படிக்கப் போகும் மாணவியும், பாங்காக்கில் நான்கு நாள் சுற்றப் போகிறவரும் அந்த மொத்த எண்ணிக்கையில் ஒன்றாகவே இருக்கிறார்கள். வேலைக்குப் போகும் வயதும் அந்த 25–44 தான். அதனால் அந்த எண்ணிக்கையை அப்படியே சுற்றுலா என்று எடுத்துக்கொண்டால் கணக்கு தப்பிவிடும்.

முன்பு இங்கிருந்து யார் போனார்கள்?

சுற்றுலா என்ற பேச்சே இல்லாத காலத்தில் தொடங்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் போன தமிழர்களில் திருநெல்வேலி, ராமநாதபுரம் பகுதிகளைச் சேர்ந்தவர்கள் ஏராளம். உடம்பில் வலு இருக்கும் வயதினரைத்தான் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் கங்காணிகள் தேடினார்கள். கொழும்புக் கடைகளில் கணக்கு எழுதப் போனவர்களும் இளவட்டங்களே. 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்படும்வரை சென்னையிலிருந்து வந்த ரயில் பயணிகள் தூத்துக்குடியில் கப்பல் ஏறித்தான் கொழும்பு போனார்கள். பிறகு அந்தப் போக்குவரத்து தனுஷ்கோடிக்கு மாறியது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோய்விட்டது.

எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறியபோது வளைகுடா கதவைத் திறந்தது. மேலப்பாளையம், கடையநல்லூர் வீடுகளில் பையன்கள் இருபதைத் தொட்டதும் பம்பாய் வழியாகப் புறப்பட்டார்கள். அப்போதெல்லாம் பாஸ்போர்ட் என்பதே வேலைக்கான காகிதம். பொழுதுபோக்குக்கு வெளிநாடு போக வேண்டுமென்றால் அந்நியச் செலாவணி கிடைப்பதே பெரும்பாடு. அந்தக் கட்டுப்பாடுகள் தளர்ந்து, 2004-ல் ரிசர்வ் வங்கி தனிநபர்கள் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை அனுப்ப வழிசெய்தது. இன்று அந்த வரம்பு இரண்டரை லட்சம் டாலர்.

பாஸ்போர்ட் எடுப்பதும் அலைச்சலாகத்தான் இருந்தது. 2007 டிசம்பரில் மதுரை அலுவலகம் வரும்வரை நெல்லைக்காரர்களுக்குத் திருச்சிதான். இப்போது பாளையங்கோட்டையிலேயே பாஸ்போர்ட் சேவா கேந்திரம் இருக்கிறது. காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம் என்ற நிலை வந்த பிறகுதான் "சும்மா ஒன்று எடுத்து வைப்போமே" என்று ஐம்பது வயதுக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். சும்மா எடுத்து வைத்தது சும்மா இருக்க விடவில்லை.

தாத்தாக்களும் ஆச்சிகளும் எப்போது விமானம் ஏறத் தொடங்கினார்கள்?

தொண்ணூறுகளின் கடைசியில், கணினி வேலைக்குப் போன பிள்ளைகள் அமெரிக்காவில் குடும்பம் நடத்தத் தொடங்கியபோது. மகளுக்கோ மருமகளுக்கோ பேறுகாலம் என்றால் இங்கிருந்து அம்மா போக வேண்டும். அந்த அம்மாவுக்கு வயது ஐம்பத்தைந்து, அறுபது. பத்தியச் சாப்பாட்டுக்குச் சுக்கும் பூண்டும் கட்டிக்கொண்டு, ஆறு மாதத்துக்குப் போய், குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டு வந்த ஆச்சிகளை எங்களுக்குத் தெரியும். கணக்கில் அவர் சுற்றுலாப் பயணி. நிஜத்தில் பிள்ளை பார்த்துக்கொள்ளப் போனவர். திரும்பி வந்ததும் "நயாகரா பார்த்தாயா?" என்று தெருவே கேட்கும். பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்தப் போக்கை நாடுகளும் புரிந்துகொண்டன. கனடா 2011 டிசம்பரில் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் 'சூப்பர் விசா' கொண்டுவந்தது. 2022 முதல் அதில் ஒரே மூச்சில் ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம். அமெரிக்காவோ 79-ஐத் தாண்டியவர்களுக்கும் 14-க்கு உட்பட்டவர்களுக்கும் விசா நேர்காணலில் கொடுத்துவந்த பொது விலக்கை 2025 செப்டம்பரில் எடுத்துவிட்டது. எண்பது வயது அப்பாவைச் சென்னைவரை அழைத்துப்போக வேண்டியிருக்கும் என்பதை முதலிலேயே திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதைய அறுபதுகள் வேறு மாதிரி. ஓய்வூதியம் வாங்கும் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், மின்வாரியத்தில் இருந்தவர்கள் நான்கைந்து ஜோடிகளாகச் சேர்ந்து வருகிறார்கள். பிள்ளைகள் வீட்டுக்கு அல்ல. சிங்கப்பூர், பாலி, முடிந்தால் ஐரோப்பா. தங்கள் சொந்தப் பணம். எங்களிடம் பேரம் பேசுவதில் இவர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

புனிதப் பயணம் போகிறவர்களின் வயது மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது. ஹஜ் என்றால் கடமைகளையெல்லாம் முடித்துவிட்டு வயதான பிறகு போவது என்ற பழக்கம் இருந்தது. இன்று முப்பதுகளில் உம்ரா (ஹஜ் காலம் அல்லாத நாட்களிலும் போகக்கூடிய மக்கா பயணம்) போய்வரும் மேலப்பாளையத்துத் தம்பதிகள் சாதாரணம். விதிகளும் வயதோடு விளையாடின. 2018 முதல் 45 வயதைக் கடந்த பெண்கள் ஆண் துணையில்லாமல் குழுவாக ஹஜ்ஜுக்கு விண்ணப்பிக்க இந்தியா அனுமதித்தது. கொரோனாவுக்குப் பிந்தைய 2022-ல் 65 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் என்று சவுதி அறிவித்தது; 2023-ல் அந்த வரம்பு நீங்கியது. அந்த ஓராண்டில் பல ஆண்டுகளாகக் காத்திருந்த வாப்பாக்கள் வீட்டில் இருக்க, மகன்கள் போன குடும்பங்கள் உண்டு.

பாளையங்கோட்டை, நாசரேத், மெய்ஞ்ஞானபுரம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு எருசலேம் பயணம். 2011-ல் தமிழக அரசு மானியம் அறிவித்த பிறகு, ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் சபை ஊழியர்களும் துணிந்தார்கள். 2023 அக்டோபருக்குப் பிறகு அங்கே போர்ச்சூழல் குறுக்கே வந்ததில் பல குழுக்கள் பயணத்தைத் தள்ளிப்போட்டன. கயிலாய மானசரோவருக்கு வெளியுறவு அமைச்சகம் நடத்தும் யாத்திரையில் 18 முதல் 70 வயதுவரைதான் சேர்த்துக்கொள்வார்கள், மருத்துவப் பரிசோதனையும் உண்டு. ஐந்தாண்டுகள் நின்றிருந்து 2025-ல் அது மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளியில் எழுபதைக் கடந்துவிட்டவர்களின் வருத்தத்துக்கு எங்களிடம் பதில் இல்லை.

நடுவயதுப் பெண்கள் தனியாகப் போகிறார்களா?

தனியாக என்பதைவிடக் கூட்டமாக. அக்காவும் தங்கையும், மதினியும் நாத்தனாரும், ஒரே பள்ளியில் வேலை பார்த்த டீச்சர்களும். கணவர்மார்களுக்கு ஊரைவிட்டு நகர மனமில்லை. இவர்களுக்கு இனிமேலும் காத்திருக்க மனமில்லை. 2016 டிசம்பரில் பாஸ்போர்ட் விதிகள் தளர்ந்தபோது திருமணச் சான்றிதழ் கேட்பது நின்றது. முருகன் கோவிலில் தாலி கட்டிக்கொண்டு, பதிவு என்று எதுவும் செய்யாத தலைமுறைக்கு அது பெரிய உதவி. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியகல்வுச் சோதனை முத்திரை வரும். அது சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கானது, சுற்றுலாவுக்குத் தடை இல்லை. ஐம்பது வயதைக் கடந்தால் அந்த முத்திரையும் கிடையாது.

இளைஞர்கள் எங்கே போகிறார்கள்?

விசா தொல்லை இல்லாத இடங்களுக்கு. தாய்லாந்து 2023 நவம்பரிலும் மலேசியா அதே ஆண்டு டிசம்பரிலும் இந்தியர்களுக்கு விசா இல்லாத நுழைவைத் தொடங்கியபோது, எங்கள் மேஜையின் சராசரி வயதே குறைந்துவிட்டது. முன்பு தேன்நிலவு என்றால் கொடைக்கானல், கொஞ்சம் வசதி என்றால் காஷ்மீர், இப்போது பெண் வீட்டுக்காரர்களே "பாலிக்கு எவ்வளவு ஆகும்?" என்று விசாரிக்கிறார்கள். (இந்த விசாச் சலுகைகள் அடிக்கடி மாறும். புறப்படும் முன் அந்தந்தத் தூதரகத்தின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.)

வயதை வைத்தே கிடைக்கும் வாய்ப்புகளும் உண்டு. 18 முதல் 30 வயதுவரை உள்ள இந்தியர்களுக்கு ஆஸ்திரேலியா 2024-ல் வேலையும் விடுமுறையும் சேர்ந்த விசாவைத் திறந்தது. ஆண்டுக்கு 1,000 இடம், குலுக்கல் முறை. பிரிட்டன் 2023-ல் அதே வயதுப் பட்டதாரிகளுக்கு ஆண்டுக்கு 3,000 இடம் என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. முப்பத்தொன்று ஆனால் கதவு மூடிவிடும். இதை முப்பத்திரண்டில் வந்து விசாரிப்பவர்கள்தான் அதிகம்.

மற்ற நாடுகளிலும் இப்படித்தான் மாறியதா?

ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு கதை. எங்களுக்குப் பிடித்தது தென்கொரியா. அங்கே 1983-ல் முதன்முதலாகச் சுற்றுலா பாஸ்போர்ட் கொடுத்தபோது 50 வயது ஆனவர்களுக்கு மட்டும்தான், அதுவும் வங்கியில் 20 லட்சம் வான் (கொரியப் பணம்) ஓராண்டு வைப்பாகப் போட்டால். இளைஞர்கள் போனால் பணம் கரையும், மனமும் கலையும் என்று அரசு பயந்தது. சியோல் ஒலிம்பிக்கை ஒட்டி அந்த வரம்பு படிப்படியாகக் குறைந்து, 1989 ஜனவரியில் எல்லா வயதினருக்கும் வழி திறந்தது. வயது என்பது ஆசையைப் பொறுத்தது மட்டுமல்ல, யாரைப் போக விடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

ஜப்பான் 1964-ல் வெளிநாட்டுப் பயணத்தை அனுமதித்தது. தொண்ணூறுகளில் இருபது வயதுப் பெண்கள்தான் அந்நாட்டுப் பயணிகளில் பெரிய கூட்டம். இருபதுகளில் உள்ளவர்களின் பயணம் 1996-ல் 46 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 2008-ல் 26 லட்சம் அளவுக்கு வந்துவிட்டது. பிறப்பு குறைந்ததும் நிலையான வேலை குறைந்ததும் முக்கியக் காரணங்கள். ஆக, இளைஞர் பயணம் ஏறிக்கொண்டே போகும் என்று நம்பிக் கடை விரிக்கக் கூடாது.

ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பிரபுக்கள் வீட்டுப் பையன்கள் படிப்பு முடிந்ததும் இத்தாலிவரை சுற்றிவரப் போனார்கள். வழித்துணைக்கு ஓர் ஆசான். 1841-ல் தாமஸ் குக் ரயிலில் கூட்டமாக அழைத்துப்போகத் தொடங்கிய பிறகு, வசதி குறைந்தவர்களும் நடுவயதுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1972-ல் வந்த 'இன்டர்ரெயில்' ரயில் பாஸ் 21 வயதுவரைதான். பிறகு 26 ஆக உயர்ந்து, 1998-ல் வயது வரம்பே போய்விட்டது. மாணவனாகப் போனவர்கள் வயதான பிறகும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

இலங்கைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், ஏன்?

அவர்களில் பலர் அங்கே பிறந்தவர்கள். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொண்ட 1964-ன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி சிறு வயதில் தாய் தகப்பனோடு இங்கே வந்தவர்களுக்கு இன்று அறுபது, எழுபது வயது. பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் கண்டி, ஹட்டன், நுவரெலியா என்று இருக்கும். இலங்கையில் உள்நாட்டுப் போர் முடியும்வரை திரும்பிப் போய்ப் பார்ப்பதை நினைக்கக்கூட முடியவில்லை. 2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்பு கப்பல் மீண்டும் ஓடி, அந்த ஆண்டே நவம்பரில் நின்றது. 2012-ல் மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் வந்தது. அப்படிப் போகிறவர்கள் கடற்கரையும் யானைகளும் பார்க்கக் கேட்பதில்லை. எந்த எஸ்டேட், எந்த டிவிஷன், பக்கத்தில் எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்லி, அங்கே வண்டி போகுமா என்றுதான் கேட்கிறார்கள்.

சான்றிதழ் வயதும் உண்மை வயதும் வேறு. பிரச்சினை வருமா?

இந்தப் பக்கத்தில் உள்ள எல்லா வயதுக் கணக்குகளையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள் என்று சொல்ல இதுதான் இடம். அந்தக் காலத்தில் வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பு. தேதியை ஹெட்மாஸ்டர் போட்டுக்கொள்வார். ஜூனில் பள்ளி திறப்பதால் ஒரு தலைமுறையே மே மாதத்தில் பிறந்திருக்கிறது. எங்களிடம் வரும் அண்ணாச்சிகள் பலர் பாஸ்போர்ட்டில் இரண்டு மூன்று வயது இளையவர்கள்.

இதனால் பயணத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆதார், பாஸ்போர்ட், பான் எல்லாவற்றிலும் ஒரே தேதி இருந்தால் போதும். ஒன்றில் மே 10, இன்னொன்றில் அக்டோபர் 5 என்றால்தான் சிக்கல். முதலில் அதைச் சரிசெய்யுங்கள், பிறகு விண்ணப்பியுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் செல்லும். மூத்தவர்களுக்குப் பள்ளிச் சான்றிதழ் போன்ற மாற்றுகள் உண்டு. 60 வயதைக் கடந்தவர்களுக்கும் 8 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் புதிய பாஸ்போர்ட் கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி.

அம்மாவின் கைரேகை பதியவில்லை. என்ன செய்வது?

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் இது அடிக்கடி வருகிறது. நாற்பது ஆண்டுகள் பீடி சுற்றிய விரல்கள். இலையை மடித்து மடித்து விரல் நுனி வழவழப்பாகிவிடும். கருவியில் வைத்தால் வெறும் வட்டம்தான் தெரியும். சில நாட்கள் முன்பிருந்தே இரவில் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லுங்கள், சோப்புத்தூள் பக்கம் போக விடாதீர்கள், பதியும் நாளில் கையை நன்றாகத் துடைத்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள். விசா மையத்தில் பதியவில்லை என்றால் அவசரப்படாமல் மறுபடி முயலச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் 12 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குக் கைரேகையே கிடையாது. ஆச்சிகளுக்கு அந்தச் சலுகை இல்லை.

குழந்தைகளோடு போகிறவர்கள் கூடியிருக்கிறார்களா?

ஆம், ஏப்ரல், மே மாதங்களில் மட்டும். சிறுவர் பாஸ்போர்ட் பொதுவாக ஐந்து ஆண்டுகள்தான் செல்லும், அதற்குள் 18 ஆனால் அதுவரை. விண்ணப்பத்தில் தாய், தந்தை இருவர் ஒப்புதலும் வேண்டும். அப்பா வளைகுடாவில் இருக்கும் வீடுகளில் கடைசி நேரத்தில் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்; ஒருவர் கையெழுத்து கிடைக்காத நிலைக்கென்று தனிப் படிவம் உண்டு, முன்கூட்டியே கேளுங்கள்.

கொரோனாவுக்குப் பிறகு எந்த வயதினர் முதலில் திரும்பினார்கள்?

இருபதுகளும் முப்பதுகளும். அறுபதைக் கடந்தவர்கள் ஓர் ஆண்டுக்கு மேல் தயங்கினார்கள். அவர்களைவிட அவர்களின் பிள்ளைகள் தயங்கினார்கள்.

எழுபது வயதுக்கு மேல் காப்பீடு கிடைக்குமா?

கிடைக்கும், விலை கூடும். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயத்தில் ஸ்டென்ட் எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் தேவைப்படும் நேரத்தில் காசு வராது. ஷெங்கன் நாடுகளுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். சிங்கப்பூருக்கும் இலங்கைக்கும் எடுப்பது உங்கள் விருப்பம். எழுபதைத் தாண்டியவர்கள் எடுத்துவிடுங்கள் என்றுதான் நாங்கள் சொல்வோம்.

எந்த விமான நிலையம் வசதி?

திருவனந்தபுரமும் மதுரையும் சுமார் 150, 160 கிலோமீட்டர். வளைகுடாவுக்குத் திருவனந்தபுரம், 1991-லேயே பன்னாட்டு நிலையமானது. சிங்கப்பூர், மலேசியாவுக்குத் திருச்சியில் விமானங்கள் அதிகம், தூரமும் அதிகம். முட்டி வலிக்காரர்களுக்கு எங்கள் யோசனை: இறங்கி மாறாமல் நேராகப் போகும் விமானத்துக்கு இரண்டாயிரம் கூடக் கொடுங்கள், சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே பதிவுசெய்யுங்கள். கௌரவம் பார்க்க வேண்டாம்.

பெட்டியில் எதை வைக்கக் கூடாது?

வயதானவர்கள் கட்டும் பெட்டியில் முதலில் கசகசாவைத் தேடி எடுங்கள். நம் வீட்டில் குருமாவுக்கு அரைப்பது. துபாயிலும் சவுதியிலும் சிங்கப்பூரிலும் தடைசெய்யப்பட்ட பொருள். மாத்திரைகளை அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு கொண்டுபோங்கள். சில வலி, இருமல் மருந்துகளுக்கு வளைகுடா நாடுகளில் கடும் கட்டுப்பாடு. எண்ணெய் மிதக்கும் ஊறுகாய்ப் பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். ஆஸ்திரேலியா போகிறவர்கள் பொடி, அப்பளம் உட்பட எந்த உணவுப் பொருளானாலும் வருகை அட்டையில் எழுதிக் காட்டிவிட வேண்டும். எழுதாமல் பிடிபட்டால் அபராதம் அந்தப் பொருளின் விலையைப்போலப் பல மடங்கு. அல்வாவைப் பெட்டியில் போடுங்கள், கையில் வேண்டாம்.